சம்ப் மோட்டாரும் ஃப்ளோட் சுவிட்சும்: பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட முழுமையான வழிகாட்டி

2019 கோடை சென்னையில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. புழலும் செம்பரம்பாக்கமும் காய்ந்து கிடந்தன. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். அப்படி ஒரு ராத்திரி எங்கள் வீட்டு சம்ப் காலியாகிவிட்டது. ஆனால் மேல் தொட்டி ஃப்ளோட் (நீர்மட்டத்தைப் பொறுத்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மிதவை சுவிட்ச்) தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது, மோட்டாரும் விடிய விடிய வெறுமனே ஓடியது. காலையில் மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை. காயில் எரிந்துவிட்டது என்றார் மெக்கானிக். புது மோட்டார் வாங்கி மாட்டினோம். ஐந்தே மாதத்தில் அதுவும் அதேபோல எரிந்தது.

ஏன் எரிந்தது என்று இரண்டாவது தடவைதான் பார்த்தோம். சம்ப்பில் தண்ணீர் இறங்கியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் சுவிட்சுக்குள் காண்டாக்ட் இரண்டும் உருகி ஒட்டியிருந்தன. ஃப்ளோட் மேலே இருந்தாலும் கீழே தொங்கினாலும் அது ‘ஆன்’தான். சில நூறு ரூபாய்ச் சாமான் இரண்டு மோட்டாரைக் காவு வாங்கியிருந்தது. மோட்டாரை மாற்றும்போது ஃப்ளோட்டையும் மாற்றுங்கள், பழையது எதனால் போனது என்று தெரியாமல் புதியதை இறக்காதீர்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது அதனால்தான்.

இங்கே சம்ப் என்று சொல்வது நம் வீடுகளில் குடிநீரோ லாரித் தண்ணீரோ சேமிக்கும் தரைக்கடித் தொட்டியை. வெளிநாட்டு வீடியோக்களில் ‘சம்ப் பம்ப்’ என்று காட்டுவது வேறு. அது வீட்டின் அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப். அதில் மேல் தொட்டியும் கிடையாது, இரண்டாவது ஃப்ளோட்டும் கிடையாது. அந்த வயரிங்கைப் பார்த்து நம் வீட்டில் போட்டால் குழப்பம்தான் வரும்.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா?

சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால் முதல் சந்தேகம் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் மேல். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மோட்டார் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் புதியது வாங்கிப் போட்டுப் பாருங்கள். பல மோட்டார்கள் இதோடு சரியாகிவிடும். கெப்பாசிட்டர் நன்றாக இருந்தும் முனகினால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் கல்லோ நாரோ சிக்கியிருக்கலாம்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் 25 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது சம்ப்புக்குள்ளேயே பைப் எங்கோ ஒழுகுகிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே ஒழுகல் தெரியும். போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் காயிலிலோ கேபிளிலோ தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த மோட்டாரை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவே கூடாது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக லைன் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரும் குளிக்கிற, குடிக்கிற தண்ணீர் அது.

ஒரு முறை ரீவைண்டிங் செய்த சின்ன மோட்டாருக்கு மறுபடியும் காயில் கட்டுவது என் கணக்கில் வீண் செலவு. எட்டு, பத்து வருடம் உழைத்திருந்தால் அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

எத்தனை எச்.பி. வாங்குவது?

‘ஒரு எச்.பி. போட்டுடுங்க சார், தெம்பா ஏறும்’ என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். சம்ப் ஆழம் 2 மீட்டர், தரையிலிருந்து முதல் மாடி வீட்டின் மொட்டை மாடிவரை 7 மீட்டர், அங்கிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழும் வாய்வரை 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக 11.5 மீட்டர். பைப்பின் உராய்வு, எல்போக்கள் எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு, இரண்டரை மீட்டர் கூட்டினால் மொத்த ஹெட், அதாவது பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், சுமார் 14 மீட்டர்.

இந்த உயரத்துக்கு நல்ல அரை எச்.பி. பம்ப் நிமிடத்துக்கு 50 லிட்டரை ஒட்டிக் கொடுக்கும். 1000 லிட்டர் தொட்டி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்கு மேல் என்ன அவசரம்?

பெட்டியில் ‘அதிகபட்ச ஹெட் 30 மீட்டர்’ என்று இருந்தால் அந்த உயரத்தில் தண்ணீர் வரவே வராது என்று அர்த்தம். உங்கள் 14 மீட்டர், பம்ப்பின் ஹெட் எல்லைக்கு நடுவில் விழ வேண்டும். உயர ஹெட்டுக்கு என்று செய்த பம்பைத் தாழ்ந்த வீட்டில் போட்டால் தண்ணீர் அதிகம் தள்ளும், ஆம்பியரும் ஏறும், காயிலும் சூடாகும். பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்கிற நினைப்பு இங்கே பலிக்காது.

வகையைப் பொறுத்தவரை, தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் ஓப்பன்வெல் சப்மர்சிபிள்தான் என் தேர்வு. வெளியே நிற்கும் மோனோபிளாக்கில் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் கசிந்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றி பிரைமிங் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் ஏறும் பகுதியாக இருந்தால் அது நனைந்தும் போகும். ஆனால் ஓப்பன்வெல் மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றி நிற்கும் தண்ணீர்தான். ஃப்ளோட் சரியாக இருந்தால்தான் அது பிழைக்கும்.

ஃப்ளோட் வாங்கும்போது அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 16(8) ஆம்பியர் என்று இருந்தால் முதல் எண் பல்பு, ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. அடைப்புக்குள் இருக்கும் எண்தான் மோட்டாருக்கு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஃப்ளோட்டுக்குள் இருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்ச் அந்த அடியைத் தினமும் வாங்கினால் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அதனால் கூடவே ஒரு கான்டாக்டரும் (பெரிய கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) வாங்குங்கள். ஏ.சி. 3 என்கிற மோட்டார் பிரிவில் 9 ஆம்பியர், 240 வோல்ட் காயில் உள்ளது போதும். மோட்டாரின் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகும். ஃப்ளோட் அந்தக் கான்டாக்டரை இழுத்து விடுவதோடு நின்றுகொள்ளும்.

கழற்றுவதற்கு முன்

மோட்டார் லைனின் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யை இறக்குங்கள். யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி டேப் ஒட்டுங்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டெஸ்டர் வைத்து லைன் இல்லை என்று உறுதி செய்யுங்கள். எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். பழைய குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு ஒயரையும் அதன் இரண்டு முனையில் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். பிறகு ஒயர்கள் இருக்கும் நிலையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வயரிங் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். பைப் வேலையையும் ஃப்ளோட் அளவு வைப்பதையும் நீங்களே செய்யலாம்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன்: சம்ப்புக்குள் இறங்காதீர்கள். பல நாள் மூடிக் கிடக்கும் தொட்டியில் மூச்சுவிடப் போதுமான ஆக்ஸிஜன் இல்லாமல் போகலாம். வாடை எதுவும் வராது, தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். இந்த வேலையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாவற்றையும் மேலிருந்தே செய்யலாம். தூர் வாரித்தான் ஆக வேண்டுமென்றால் இப்படிப்பட்ட தொட்டிகளில் இறங்கப் பயிற்சியும் கருவிகளும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்குவது இன்னும் ஆபத்து. வேலை நடக்கும்போது மூடியைத் திறந்துபோட்டுவிட்டு ஸ்பேனர் எடுக்கக்கூட நகரக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்கட்டும்.

பழையதை வெளியே எடுத்தல்

சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். லாரி வருவதற்கு முந்தைய நாள் சரியாக இருக்கும்.

மேலே யூனியன் (பைப்பை அறுக்காமல் கழற்ற உதவும் திருகு இணைப்பு) இருந்தால் அதைத் திருகி எடுங்கள். மாடிவரை பைப்பில் நிற்கும் தண்ணீர் ஒரேயடியாக இறங்கும், வாளி வைத்துக்கொள்ளுங்கள். யூனியன் இல்லையென்றால் மூடிக்கு அரை அடி கீழே பைப்பை அறுக்க வேண்டும், மறுபடி மாட்டும்போது அங்கே யூனியன் போட்டுவிடுங்கள். மோட்டாரை நைலான் கயிற்றில்தான் தூக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுத்தால் காயில் வாயில் இருக்கும் சீல் பிடுங்கிக்கொள்ளும். பழைய மோட்டார் போனால் போகட்டும், ஆனால் நடுவில் கேபிள் அறுந்தால் தொட்டிக்குள் விழுந்ததை எடுப்பது பெரும்பாடு. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், இரண்டு பேர் வேண்டும்.

காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் பழைய மோட்டாரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சல்லடை நிறைய சேறு இருந்தால் அது தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. கேபிளில் வெட்டு இருந்தால் மூடி நசுக்கியிருக்கிறது. உடம்பில் சூட்டினால் பெயின்ட் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. பழைய ஃப்ளோட்டை மல்டிமீட்டரில் போட்டு ஆட்டிப் பாருங்கள். எப்படி ஆட்டினாலும் ‘பீப்’ நிற்கவில்லை என்றால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது.

புதிய மோட்டாரை இறக்குதல்

ஓப்பன்வெல் மோட்டார்களில் நிறைய வகை உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்ட வேண்டியவை. உங்களுடையது அந்த வகையா என்று கூட வரும் தாளில் போட்டிருக்கும். அப்படியானால் நிரப்பும் திருகைக் கழற்றி, சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றி, மோட்டாரை அப்படியும் இப்படியும் சாய்த்துக் குமிழி வருவது நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். இதைத் தவறவிட்டு மாட்டிய மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ் முதல் வாரத்திலேயே தேய்ந்துவிடும். கடையில் ‘ஒரு செகண்ட்தான், ஓட்டிக் காட்டுறேன்’ என்று காய்ந்த மோட்டாரைப் பிளக்கில் சொருகினால் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது எர்த். பல மோட்டார்களோடு வரும் தட்டைக் கேபிளில் மூன்று கோர்தான் இருக்கும். அந்த மூன்றும் காயிலுக்கே போய்விடும். எர்த் திருகு மோட்டார் உடம்பில் தனியாகக் காத்துக்கொண்டிருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது வெறுமையாகவே கிடக்கும். பச்சை ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து அந்தத் திருகில் இறுக்கி, மறுமுனையை வீட்டு எர்த்தில் சேருங்கள். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஒரு மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது.

பைப்பை மோட்டாரின் வாய் அளவுக்குக் குறையாமல் போடுங்கள். பைப்பை மோட்டாரின் வாயோடு இணைக்கும் திரெட் உள்ள எம்.டி.ஏ.வில் பித்தளை வைத்தது வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை முறுக்கும் திசையிலேயே பத்துச் சுற்று சுற்றி, கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் அரைச் சுற்று. அதற்கு மேல் திருகினால் பிளாஸ்டிக் கீறும், அந்தக் கீறல் பிரஷரில்தான் தெரியும். மோட்டாருக்கு மேலே தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வ் ஒன்று, சம்ப் வாய்க்கருகே யூனியன், அவ்வளவுதான் பைப் வேலை. ஒட்டிய பசை காயும் நேரத்தை டப்பாவில் போட்டிருப்பார்கள், அதுவரை பொறுத்திருங்கள்.

மோட்டாரை 10, 15 செ.மீ. உயரமுள்ள கருங்கல் அல்லது சிமென்ட் கட்டை மேல் உட்கார வையுங்கள். கயிற்றை மூடிக்கருகே கொக்கியில் கட்டுங்கள். கேபிளைத் தண்ணீருக்குள் ஒட்டுப் போடாதீர்கள். நீளம் போதாவிட்டால் முழுக் கேபிளையே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒட்டு சம்ப்புக்கு வெளியே உயரமான பெட்டிக்குள் இருக்கட்டும். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே கேபிள் நசுங்காதபடி தனி ஓட்டை போட்டு பைப் வழியாகக் கொண்டுவாருங்கள்.

மூன்று ஒயரில் எது எது என்று நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எந்த ஜோடியில் அளவு மிக அதிகமோ அதில் சேராத மூன்றாவது ஒயர்தான் காமன். காமனிலிருந்து மற்ற இரண்டையும் அளந்தால் குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங். அளந்ததை மோட்டாரோடு வந்த வயரிங் படத்தோடும் ஒத்துப் பாருங்கள். இவை மாறிப்போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். தண்ணீரும் கொஞ்சம் வரும், ஆனால் பாதிதான் வரும், சூடும் ஏறும்.

ஃப்ளோட் வைக்கும் அளவு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது.

ஃப்ளோட்டில் பொதுவாகக் கறுப்பு, நீலம், பழுப்பு என்று மூன்று ஒயர் இருக்கும். கறுப்பு பெரும்பாலும் காமன். ஒரு ஜோடி ஃப்ளோட் மேலே எழும்போது சேரும், இன்னொரு ஜோடி கீழே தொங்கும்போது சேரும். எது எது என்று ஒரு வாளித் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம். மீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து, ஃப்ளோட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு கையில் தொங்கவிட்டு, இரண்டு ஜோடியையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே குண்டு உருண்டு ‘டக்’ என்று விழுவது விரலில் தெரியும்.

சம்ப்பில் தண்ணீர் இருந்தால் ஓட வேண்டும். அதனால் மேலே எழும்போது சேரும் ஜோடி. மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஓட வேண்டும். அதனால் கீழே தொங்கும்போது சேரும் ஜோடி. வேண்டாத மூன்றாவது ஒயரின் முனையைத் தனியாக டேப் சுற்றி மடித்து வையுங்கள்.

இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். பேஸ் (லைன்) ஒயர் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. தாண்டி ஒரு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து சம்ப் ஃப்ளோட், அப்புறம் மேல் தொட்டி ஃப்ளோட், அப்புறம் கான்டாக்டர் காயில், மறுமுனை நியூட்ரல். இரண்டில் ஒன்று மறுத்தாலும் மோட்டார் நிற்கும். ஃப்ளோட்டை நியூட்ரல் பக்கம் போடாதீர்கள். மோட்டார் நின்ற பிறகும் தொட்டிக்குள் இருக்கும் ஒயரில் லைன் இருந்துகொண்டே இருக்கும்.

உயரக் கணக்கு: 15 செ.மீ. கட்டைமேல் 25 செ.மீ. மோட்டார் படுத்திருந்தால் அதன் தலை தரையிலிருந்து 40 செ.மீ. தண்ணீர் 45 செ.மீ.க்கு இறங்கும்போதே மோட்டார் நின்றுவிட வேண்டும். ஃப்ளோட் கேபிளை டெலிவரி பைப்பில் 60 செ.மீ. உயரத்தில் கேபிள் டை போட்டுக் கட்டி, கட்டிலிருந்து ஃப்ளோட்வரை 20 செ.மீ. தொங்கவிடுங்கள். இதில் ஏறத்தாழ 30 செ.மீ. ஊசலாட்டம் கிடைக்கும். 45இல் நிற்கும், 75இல் மறுபடி ஓடத் தயாராகும். கேபிளை இன்னும் குட்டையாக விட்டால் மோட்டார் அடிக்கடி நின்று நின்று ஓடும், ஒவ்வொரு கிளம்பலும் காயிலுக்கு ஓர் அடி. ஃப்ளோட் ஆடும்போது சுவரிலோ மோட்டாரிலோ கயிற்றிலோ மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று கையால் தூக்கி விட்டுப் பாருங்கள்.

மேல் தொட்டியில் எடைக்குண்டை வைத்துத் தொங்கவிட்டால் போதும். குண்டிலிருந்து ஃப்ளோட்வரை 35 செ.மீ. விடுங்கள், அரை மீட்டர் தண்ணீர் இறங்கிய பிறகே மோட்டார் கிளம்பும். தண்ணீர் விழும் வாய்க்கு நேர் கீழே வேண்டாம், அலையில் ஃப்ளோட் ஆடி கான்டாக்டர் ‘தடதட’ என்று அடித்துக்கொள்ளும்.

முதல் ஓட்டம்

சம்ப்பில் தண்ணீர் நிரம்பியதும் முதலில் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால்தான் மேலே போக வேண்டும். பிறகு மோட்டாரைப் போட்டு, கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஆம்பியரைப் பெயர்ப்பலகையோடு ஒத்துப் பாருங்கள். மாடியில் 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 24 நொடி என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டர்.

மெக்கானிக்குகள் இதோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு சோதனை செய்யுங்கள். மேல் தொட்டியின் குழாய்களைத் திறந்துவிட்டு, சம்ப் உண்மையாகவே 45 செ.மீ.க்கு இறங்கும்வரை ஓட்டுங்கள். தண்ணீர் வீணாகாமல் டிரம்களில் பிடித்துக்கொள்ளலாம். மூடிக்கருகே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ளோட் மெல்லத் தலை கவிழும், கான்டாக்டர் ‘டக்’ என்று விடும், மோட்டாரின் தலை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் நான் மூடியை மூடுவேன்.

ஸ்டார்ட்டர் பெட்டி தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாழ்வாக மாட்டியிருந்த பெட்டிகள் எத்தனையோ மூழ்கின. சம்ப் வாயின் விளிம்பும் தரையோடு சமமாக இருந்தால் ஒரு வரிசை செங்கல் உயர்த்திக் கட்டிவிடுங்கள், ஐப்பசி மழைக்குத் தெருத்தண்ணீர் உள்ளே வராது.

பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரில் மாட்டிய தேதி, கெப்பாசிட்டர் அளவு, ஆம்பியர், வாளி நிறைந்த நொடி நான்கையும் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்ப் ஃப்ளோட் சோதனை. அதற்காக ஃப்ளோட்டில் ஒரு மெல்லிய நைலான் கயிறு கட்டி அதன் முனையை மூடிக்கருகே விட்டிருக்கிறேன், அது ஃப்ளோட் ஆடுவதைத் தடுக்காத அளவுக்குத் தளர்வாக இருக்கும். மேல் தொட்டி தண்ணீர் கேட்கும் நேரத்தில், சம்ப் நீர்மட்டம் குறைந்திருக்கும்போது, கயிற்றை இழுத்தால் மோட்டார் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, புது ஃப்ளோட் வாங்கப் போங்கள்.